இரண்டாம் புத்தகத்தை யார் கொடுப்பது?



பள்ளி விடுமுறை நெருங்கும்போது, "என் பிள்ளைக்கு என்ன கதைப்புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம், டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோர் ஆண்டுதோறும் சிலர் இருக்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய கேள்விதான். ஆனால், "முதல் பாகத்தை முடித்துவிட்டான், இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. நம் பள்ளி நூலகங்களும் அப்படித்தான். தொடர்கதைகளின் முதல் பாகம் அலமாரியில் இருக்கும், இரண்டாவது இராது. அதை ஒரு குறையாக எவரும் கருதுவதுமில்லை. என் கருத்து வேறு. முதல் புத்தகம் பிள்ளையைக் கதைக்குள் இழுக்கிறது. இரண்டாம் புத்தகமே அப்பிள்ளையை வாசகனாக்குகிறது. இதை விளக்கவே இக்கட்டுரை.

கடந்த சில ஆண்டுகளாக உலகெங்கும் பதின்ம வயதினர் விரும்பிப் படிக்கும் ஆங்கிலத் தொடர் நாவல்களில் ஒருவகையைப் பலரும் அறிந்திருப்பீர்கள். வருங்காலத்தில் ஒரு கொடிய ஆட்சி. அதன்கீழ் அல்லலுறும் மக்கள். அதை எதிர்த்து நிற்க நேரும் ஓர் இளம்பெண் அல்லது இளைஞன். சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-இலும், அதன் இரண்டாம் நூலான 'கேட்சிங் ஃபயர்' 2009-இலும், மூன்றாம் நூலான 'மோக்கிங்ஜே' 2010-இலும் வெளிவந்தன. 'தி மேஸ் ரன்னர்', 'டைவர்ஜென்ட்' போன்ற தொடர்களும் அக்காலத்தில் அடுத்தடுத்து வந்தவையே. ஜொகூர் பாருவின் பேரங்காடிப் புத்தகக் கடைகளில் இவற்றை எளிதில் காணலாம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம் முன்னாள் மாணவர் சிலரின் பைகளிலும் காணலாம்.

முதல் நூலின் கதை எளியது. பானெம் என்னும் நாட்டில் ஒரு தலைநகரமும் அதற்கு அடங்கிய பன்னிரண்டு மாவட்டங்களும் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த 24 பேரும் ஒரு களத்தில் விடப்படுவர். ஒருவர் மட்டுமே உயிருடன் திரும்பலாம். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். தங்கையின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள் 16 வயது காட்னிஸ். அவள் பிழைப்பாளா, மாட்டாளா என்னும் ஒரே கேள்வி வாசகரை இறுதிப் பக்கம் வரை இழுத்துச் செல்கிறது. பிழைக்கிறாள். உடன் சென்ற பீட்டாவும் பிழைக்கிறான். புத்தகத்தை மூடும் பிள்ளை நிம்மதியுடன் மூச்சுவிடுகிறது.

இரண்டாம் நூல் அந்த நிம்மதியைப் பறித்துக்கொள்கிறது. வென்றவளுக்குப் பெரிய வீடு கிடைத்துவிட்டது, உணவுக்குக் குறைவில்லை. ஆனால் அதிபர் ஸ்நோ ஒருநாள் அவள் வீட்டுக்கே வந்து அமர்கிறார். அவள் களத்தில் காட்டிய துணிவு மாவட்டங்களில் சலசலப்பை உண்டாக்கிவிட்டது என்றும், தான் சொல்கிறபடி நடந்து மக்களை அமைதிப்படுத்தாவிட்டால் அவளுடைய அன்புக்குரியவர்களுக்கு ஆபத்து என்றும் உணர்த்துகிறார். வெற்றி உலா என்ற பெயரில் அவளை ஊர் ஊராக அழைத்துச் செல்கிறார்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்க வேண்டும். சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும். பின்னர் 75-ஆம் ஆண்டுப் போட்டிக்கு, முன்பு வென்று உயிரோடு இருப்பவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுப்போம் என்று அறிவிப்பு வருகிறது. அவளுடைய மாவட்டத்தில் வென்று உயிரோடு இருக்கும் பெண் அவள் ஒருத்திதான். குலுக்கலுக்குக்கூடத் தேவையில்லை.

முதல் நூல் கேட்ட கேள்வி, "தப்பிப்பது எப்படி?" என்பது. இரண்டாம் நூல் கேட்பது, "தப்பித்த பிறகு நீ யாருடைய கையில் இருக்கிறாய்?" என்பது. முன்னதை ஏழு வயதுப் பிள்ளையும் கேட்கும். பின்னதைக் கேட்கத் தொடங்கும் வயதையே நாம் பதின்ம வயது என்கிறோம்.

இதற்கு நம் அண்டை நாடுகளிலேயே ஒரு சான்று உண்டு. காட்னிஸின் மாவட்டத்தில் மூன்று விரல்களை உயர்த்துவது ஒரு பழைய வழக்கம். அன்புக்குரிய ஒருவருக்கு நன்றியும் விடையும் கூறும் சைகை. முதல் நூலில் அவ்வாறே அறிமுகமாகிறது. இரண்டாம் நூலில், பதினோராம் மாவட்டத்தில், இறந்துபோன சிறுமியின் மெட்டை ஒரு முதியவர் சீழ்க்கையடிக்க, கூட்டம் முழுவதும் அதே சைகையைச் செய்கிறது. அந்த முதியவர் அங்கேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். விடைகூறும் கை, அந்தப் பக்கத்தில் எதிர்ப்பின் கையாகிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அங்குள்ள இளையோர் இந்தச் சைகையைக் கையிலெடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமரின் முன்னிலையில் மூன்று விரல்களை உயர்த்திய மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2021-இல் மியன்மார் மக்களும் அதே சைகையுடன் தெருவில் நின்றனர். 'பிள்ளைகள் படிக்கும் கற்பனைக் கதை' என்று நாம் ஒதுக்கும் ஒன்று, நம் எல்லைக்கு வடக்கே இத்தனை தூரம் நடந்திருக்கிறது.

"இதெல்லாம் ஆங்கிலத்தில்தானே? தமிழில் ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். தமிழில் இருக்கிறது, அதுவும் காலின்ஸ் எழுதுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். அதன் இரண்டாம் நூல் 'மீண்டும் ஜீனோ'. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர் சுஜாதா. அவரே வாக்குச் சீட்டுக்கு வேலையில்லாத ஒரு சர்வாதிகார நாட்டைக் கற்பனை செய்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாவல் 2021-ஐ ஒட்டிய வருங்கால இந்தியாவில் நிகழ்கிறது. அந்த வருங்காலமும் நமக்கு இப்போது கடந்த காலமாகிவிட்டது! ஜீவா என்னும் தலைவரின் ஆட்சி. மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமற் போகிறான். ரவியுடன் வந்து சேர்ந்த ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி அவளுக்குத் துணையாகிறது. ஜீனோ படிக்கும், கேள்வி கேட்கும், கிண்டல் செய்யும், இயந்திரமாக இருந்துகொண்டே தானாகச் சிந்திக்கப் பழகும். முதல் நூலின் முடிச்சுகளை இங்கே அவிழ்க்க மாட்டேன். படிக்கப் போகிறவர்களின் இன்பத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். இரண்டாம் நூல் தொடங்கும் இடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். எளிய இல்லத்தரசியான நிலா இப்போது அரசி. மக்கள் அவளைக் கொண்டாடுகின்றனர். ஆனால் ஆட்சி அவளிடம் இல்லை. அவளை அரியணையில் அமர்த்தியவர்களிடம் இருக்கிறது.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளரின் காட்னிஸும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளரின் நிலாவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர். இருவரும் வென்றவர்கள். இருவரையும் கூட்டம் வாழ்த்துகிறது. இருவரும் பிறர் எழுதிக் கொடுத்ததைப் பேச வேண்டியவர்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை. அதிகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும் எந்தக் கதையும் இரண்டாம் நூலில் இந்தக் கேள்விக்கு வந்தே தீரும் என்பதுதான் காரணம். கொடியவன் வீழ்ந்தால் போதுமா? அவன் இடத்தில் யார் அமர்கிறார்கள்? அமர்ந்திருப்பவரின் பின்னால் யார் நிற்கிறார்கள்?

நம் தமிழ் வகுப்பில் ஒரு கதையைப் படித்து முடித்தவுடன் நாம் கேட்கும் கேள்வி எது? "இக்கதையின் படிப்பினை யாது?" என்பதே. நானும் கேட்கிறேன், பாடத்திட்டத்தில் அது உண்டு, தேவையானதும்கூட. ஆனால் ஆறாண்டுகள் தொடர்ந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்கும் பிள்ளை, கதை என்றாலே முடிவில் ஒரு வரியில் நீதி கிடைத்துவிடும் என்று எண்ணப் பழகுகிறது. இரண்டாம் நூலில் அந்த ஒரு வரி கிடைக்காது. 'கேட்சிங் ஃபயர்' கதையின் நடுவிலேயே அறுந்து நிற்கிறது. நல்லவர் யார் என்பதுகூடத் தெளிவாகவில்லை. "படிப்பினை யாது?" என்று கேட்டால், "இன்னும் தெரியவில்லை, டீச்சர்" என்பதே நேர்மையான விடை. அப்படிச் சொல்லத் துணியும் மாணவனைப் பார்த்து நாம் முகம் சுளிக்கக் கூடாது, மகிழ வேண்டும்.

இரண்டாம் நூல்கள் எல்லாமே சிறந்தவை என்று நான் வாதிடவில்லை. 'கேட்சிங் ஃபயர்' பின்பாதியில் மீண்டும் ஒரு போட்டிக் களத்துக்கே திரும்புகிறது. முதல் நூலின் நிழல் அதில் விழத்தான் செய்கிறது. சுற்றியிருப்போர் பலருக்கும் தெரிந்த திட்டம் கதாநாயகிக்குக் கடைசிவரை தெரியாமலிருப்பது சில வாசகர்களுக்கு எரிச்சலூட்டும். 'மீண்டும் ஜீனோ'வும் வாரந்தோறும் வாசகரைக் கவர வேண்டிய இதழ் மரபில் பிறந்தது. அந்த அவசரம் சில இடங்களில் தெரியும். மேலும் அது பெரியவர்களுக்கான வார இதழுக்குரிய எழுத்து. சில பகுதிகள் பன்னிரண்டு வயதுக்கு ஏற்றவை அல்ல. பதினான்கு, பதினைந்து வயதில், பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நலம். குறைகளைக் கண்டு சொல்வதும் வாசிப்பின் ஒரு பகுதியே. முதல் நூலோடு ஒப்பிட்டு, "இது அந்த அளவுக்கு இல்லை" என்று சொல்லும் பிள்ளை திறனாய்வின் முதற்படியில் கால் வைத்துவிட்டது.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டு வரை நம் பிள்ளைகள் நாள்தோறும் தமிழைப் படிக்கின்றனர். படிவம் ஒன்றுக்குச் சென்றதும் எல்லாப் பாடங்களும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைகின்றன. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. சில பள்ளிகளில் வகுப்பு நேரத்துக்குப் பிறகே நடைபெறுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கும் மாணவர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் தேர்வுக்கு வெளியே, தன் விருப்பத்துக்காகத் தமிழில் ஒரு நாவலை எடுத்துப் படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? கடினமான கேள்விகளை மனம் கேட்கத் தொடங்கும் அதே வயதில் தமிழ்ப் புத்தகம் அவர்கள் கையிலிருந்து நழுவுகிறது. விளைவு என்ன? தமிழ் என்பது நரியும் காக்கையும் பேசும் சிறுவர் மொழி. சிந்திக்கும் மொழி வேறு என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒரு மொழியை இழப்பது இப்படித்தான் நிகழ்கிறது. எவரும் தடை விதிப்பதில்லை; இரண்டாம் புத்தகம் வருவதில்லை, அவ்வளவே.

நம் வாசிப்புத் திட்டங்களின் அமைப்பையும் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் திட்டம் பல்லாயிரம் மாணவர்களைப் புத்தகத்தைத் தொட வைத்தது. அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை நூல்கள் என்று எண்ணும்போது, பதினாறு பக்கச் சிறுநூலும் ஒன்று; முந்நூறு பக்க நாவலும் ஒன்று. பிள்ளைகள் அறிவுள்ளவர்கள், சிறுநூலையே எடுக்கின்றனர்! எண்ணிக்கையோடு, தொடங்கிய தொடரை முடித்தார்களா என்பதையும் ஆசிரியர்கள் கேட்டுப் பாராட்டலாம். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

"இத்தகைய கதைகள் இருண்டவை. கொலையும் கொடுமையும் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும்" என்பது பெற்றோர் கூறும் முதல் தடை. அக்கறையிலிருந்து எழும் கருத்து என்பதால் மதிப்புடன் மறுமொழி கூற விரும்புகிறேன். நம் சொந்த வரலாறு இக்கதைகளைவிட இருண்டது. ஜப்பானியர் ஆட்சியின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நோயாலும் பட்டினியாலும் அடியாலும் பல்லாயிரம் தமிழர் மாண்டனர். ஆர். சண்முகம் எழுதி 1993-இல் வெளிவந்த 'சயாம் மரண ரயில்' நாவல் அத்துயரைத் தமிழில் பதிவு செய்தது. லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைப் பிடித்துச் சென்ற கதையைக் கேட்ட பிள்ளைக்கு, காட்னிஸின் ஊரில் நடக்கும் குலுக்கல் வெறுங்கற்பனையாகத் தோன்றாது. உயிரோடு திரும்பி வந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அதையல்லவா நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம்? போனவர்களின் கதை முதல் புத்தகம் என்றால், திரும்பியவர்களின் கதையே இரண்டாம் புத்தகம். குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கின்றனர். பெரட்டுக் களத்தையும் கங்காணியையும் பற்றிப் பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்கட்டும். பதினோராம் மாவட்டத்துப் பழத்தோட்டங்களின் கதை தானாக விளங்கும்.

இரண்டாவது தடை: "நேரம் ஏது? தேர்வுக்கல்லவா படிக்க வேண்டும்?" விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் பெற்றோர் நம் மாநிலத்தில் ஏராளம். அவர்களிடம், பிள்ளையுடன் அமர்ந்து நாவல் படியுங்கள் என்று சொல்வது எளிது, செய்வது அரிது. எனவே சிறிய ஒன்றைக் கேட்கிறேன். வாரத்தில் ஒருநாள், உணவு வேளையில், "கதை எங்கே நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். தேர்வுபோல் கேட்க வேண்டாம். அண்டை வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல் கேளுங்கள். கதையைச் சொல்லச் சொல்லப் பிள்ளையின் தமிழ் நீளும். எஸ்.பி.எம். கட்டுரைக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

ஆங்கிலப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தைத் திணிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. திணித்த நூல் திறக்கப்படுவதில்லை. 'கேட்சிங் ஃபயர்' படித்த பிள்ளையிடம், "இதே கேள்வியைத் தமிழில் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார், பார்க்கிறாயா?" என்று ஜீனோவை நீட்டுங்கள். படத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையிடமும் நீட்டுங்கள். நாவலில் காட்னிஸ் தன் மனத்துக்குள் பேசுவதை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டாது.

நீண்ட தொடரைப் பொறுமையுடன் படிப்பது நமக்குப் புதிதுமன்று. 'பொன்னியின் செல்வ'னைக் கல்கி 1950 முதல் தொடராக எழுதியபோது நம் முன்னோர் வாரக்கணக்கில் காத்திருந்து படித்தனர். அதன் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில்தான் வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்குச் செல்கிறான். கதை அங்கேதான் விரிகிறது. முதல் பாகத்தோடு நிறுத்தியவருக்கு அருள்மொழிவர்மர் கிடைப்பதில்லை! நம் நாட்டிலும், ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' தொடங்கிச் சிறுவர் மர்ம நாவல்களை எழுதியுள்ளார். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அவை நல்ல தொடக்கம். ஆனால் அடுத்த படியான பதின்ம வயதினருக்கு, நம் மண்ணில் நிகழும் வருங்காலக் கதைகள் தமிழில் இன்னும் நிறைய வேண்டும். எழுதும் ஆற்றலுள்ள ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றனர். எழுதுவோர் ஒரு நூலோடு நிறுத்திவிடாமல் இருக்க, வாங்குவோரும் ஒரு நூலோடு நிறுத்தக் கூடாது.

முடிவாக, செயலுக்கு உகந்த ஒரு கருத்து. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கோப்பைகள் வழங்குகிறோம். வீட்டு அலமாரியில் தூசி படிய அவை நிற்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அந்தச் செலவில் ஒரு பகுதியை மாற்றலாம். விடைபெறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தமிழ்த் தொடர் நாவலின் முதல் நூலைக் கொடுங்கள். அடுத்த நூல்களைப் பள்ளி நூலகத்தில் வாங்கி வையுங்கள். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இதை முடித்துவிட்டு வா. அடுத்தது இங்கே இருக்கிறது."

படிவம் ஒன்றின் சீருடையில் ஒரு பிள்ளை அதற்காகப் பள்ளி வாசலில் வந்து நின்றால் போதும். அந்தப் பிள்ளையின் தமிழைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் தோழமை ஆசிரியை